நீளும் பிரசவ வலியும் தாயின் வினையும்

பிரசவ வார்டு வாசலில் காத்திருப்பவர்களின் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். மகள் உள்ளே போய்ப் பத்து மணி நேரம் ஆகிவிட்டது. பனிக்குடம் உடைந்தும் குழந்தை இன்னும் இறங்கவில்லை. "குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சிருந்தா இந்நேரம் பெத்திருப்பா" என்பார் ஒருவர். "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்று பெருமூச்சு விடுவார் இன்னொருவர். வலி நீள நீள வெளியே ஒரு விசாரணை நடக்கிறது. அதில் பதில் சொல்ல வேண்டியவளோ உள்ளே கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டு கிடக்கிறாள்.

பிரசவம் நீள்வதற்கும் தாயின் குணத்துக்கும், அவள் செய்த வினைக்கும் தொடர்பு உண்டா? மதங்கள் நெடுங்காலமாகத் தொட்டு வந்திருக்கும் கேள்வி இது.

பைபிளின் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில், விலக்கப்பட்ட கனியை உண்ட ஏவாளுக்குப் பேறுகால வேதனை விதிக்கப்படுகிறது. எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன் 1847இல் பிரசவ வலிக்குக் குளோரோஃபாம் கொடுக்கத் தொடங்கியபோது, இந்த வசனத்தைக் காட்டி எதிர்ப்பு எழுந்தது. சிம்சன் பைபிளைக் கொண்டே பதில் எழுதினார். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் ஆண்டவர் அவனை அயர்ந்து தூங்கவைக்கவில்லையா என்று கேட்டார். 1853இல் விக்டோரியா மகாராணி தம் மகன் லியோபோல்டைப் பெறும்போது, மருத்துவர் ஜான் ஸ்நோ அவருக்குக் குளோரோஃபாம் கொடுத்தார். நூறாண்டு கழித்து, 1956இல், வலியில்லாப் பிரசவ முறை வேதத்துக்கு முரணானதல்ல என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தெளிவுபடுத்தினார்.

கர்ம வினையைப் பேசும் மரபிலும் இப்படி ஒரு கதை உண்டு. புத்தரின் அடியவளான சுப்பவாசை ஏழு ஆண்டு கருவைச் சுமந்து ஏழு நாள் வலியில் துடித்தாள் என்கின்றன பாலி நூல்கள். முற்பிறவியில் ஒரு நகரை முற்றுகையிடும்படி மகனுக்கு யோசனை சொன்னதன் பலன் அது என்று ஜாதகக் கதை காரணம் காட்டுகிறது. ஆனால் உதானம் என்ற நூலில் அதே நிகழ்ச்சி வேறு விதமாக நடக்கிறது. வலி தாங்காமல் கணவனைப் புத்தரிடம் அனுப்புகிறாள் சுப்பவாசை. அவர் வினைக்கணக்கு எதையும் கேட்கவில்லை. அவள் நலமாக இருக்கட்டும், நலமான பிள்ளையைப் பெறட்டும் என்று வாழ்த்துகிறார். குழந்தை பிறக்கிறது.

குர்ஆனில் மர்யம் பேரீச்சை மரத்தடியில் தனியே வலியால் துடிக்கிறார், இதற்கு முன்பே இறந்திருக்கலாமே என்று கதறுகிறார். உலகப் பெண்களில் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று அந்த நூலே போற்றும் ஒருவருக்கும் வலி வந்தது. அப்போது அவருக்குக் கிடைத்தது கவலைப்படாதே என்ற குரலும், காலடியில் ஓடையும், கனிந்த பேரீச்சம்பழமும்தான்.

மருத்துவ ஆய்வுகளும் தாயின் தன்மைகளைக் கணக்கிலெடுக்கின்றன. தலைச்சன் பிரசவம் நீளும், அடுத்தடுத்தவை சுருங்கும். உடல் எடை கூடியிருந்தால் கருப்பை வாய் திறக்கத் தாமதமாகலாம். வயது கூடும்போது முக்கித் தள்ளும் கட்டம் நீளலாம். இவற்றில் எதுவும் அவளுடைய ஒழுக்கத்தையோ பக்தியையோ சொல்வதில்லை.

அறிவியலும் ஒரு காலத்தில் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெண்களை அளந்தது. அமெரிக்க மருத்துவர் இமானுவேல் ஃபிரீட்மன் 1955இல் தலைச்சன் பிள்ளை பெற்ற 500 பெண்களின் பிரசவத்தை வரைபடமாக்கினார். அதன் வழியாகக் கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற கணக்கு உலகெங்கும் பரவியது. அந்த வேகம் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறிவித்தது. கருப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகு, முதல் பிரசவத்தில் 12 மணி நேரம் வரையும் அடுத்தவற்றில் 10 மணி நேரம் வரையும் ஆவது இயல்பே என்றது.

மனத்தின் பங்கு என்ன? நார்வேயில் 2,206 பெண்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வில், பிரசவத்தைக் கண்டு மிகவும் அஞ்சியவர்களுக்குச் சராசரியாக 8 மணி நேரமும், மற்றவர்களுக்கு 6 மணி 28 நிமிடமும் ஆகியிருந்தன. மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபோதும் 47 நிமிட வித்தியாசம் நின்றது. "உன் தப்புதான்" என்ற பேச்சு அந்த அச்சத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

அச்சம் தணிய ஆள் துணை வேண்டும். குவாத்தமாலாவில் நடந்த ஒரு சிறிய ஆய்வு 1980இல் வெளியானது. அதில் ஒரு பிரிவினருக்கு, முன்பின் அறியாத ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டு, முதுகை நீவிவிட்டு, கடைசிவரை கூடவே இருந்தாள். சிக்கலின்றிப் பெற்றவர்களில் துணையில்லாதோருக்குச் சராசரியாக 19.3 மணி நேரம் ஆக, துணையிருந்தோருக்கு 8.8 மணி நேரமே ஆனது. பிற்பாடு பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வில் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இல்லை, சுமார் 40 நிமிடம்தான். ஆனால் துணை இருந்தால் சிசேரியனும் குறைகிறது என்று அது உறுதிப்படுத்தியது.

திருச்சி மலைக்கோட்டைக்கு இந்தச் செய்தி புதிதல்ல. பேறுகாலத்துக்கு வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட, ரத்னாவதிக்கு அந்தத் தாயின் உருவிலேயே வந்து பிரசவம் பார்த்தார் சிவன் என்பது அங்குள்ள தல வரலாறு. அதனால் அவர் பெயர் தாயுமானவர். சுகப்பிரசவம் வேண்டி இன்றும் அவருக்கு வாழைத்தார் சாத்துகிறார்கள். அந்தக் கதையில் ரத்னாவதி என்ன வினை செய்தாள் என்று யாரும் கேட்பதில்லை. அம்மா வரவில்லை, அவள் தனியாக இருந்தாள் என்பதே கடவுள் இறங்கி வரப் போதுமான காரணமாக இருந்தது.

வீட்டில் பேறுகாலம் நெருங்கும் பெண் இருந்தால், பிரசவ அறையில் துணைக்கு யாரை அனுமதிப்பார்கள் என்று மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அவள் நம்பும் ஒருவரை அதற்குத் தயார்படுத்துங்கள்.