சினையாடும் செவிலியும்

நம் புதுக்கவிதையில் ஆடு வந்தால் பெரும்பாலும் கசாப்புக் கடைக்குப் போவதற்காகவே வருகிறது. கழுத்தில் மாலை, கண்ணில் மிரட்சி, முடிவில் கத்தி. வாசகனுடைய இரக்கம் கடைசி வரியில் வசூலாகிவிடுகிறது. அந்த ஆடு பிறப்பதற்கு முன்னால் ஐந்து மாதம் இருந்தது, அதற்காக ஒருத்தி கண்விழித்திருந்தாள் என்பதெல்லாம் கவிதைக்குத் தேவைப்படுவதில்லை. என் கேள்வி அந்த ஐந்து மாதத்தைப் பற்றியது. வெட்டக் கொடுக்கப்போகிற உயிரைப் பேணுவது, பேணுதல்தானா?

திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துப் புன்செய்க் காடுகளில் வெள்ளாடு வளர்ப்பவர்களுக்கு இந்த வேலை மனப்பாடம். சினைக்காலம் சுமார் 150 நாள். குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில் நடக்கிறது. அப்போது வயிற்றுக்குள் குட்டி இரைப்பையை நெருக்குவதால் தாய் ஒரே தடவையில் அதிகம் தின்னாது. இரட்டைக் குட்டி என்றால் இன்னும் சிரமம். ஆகவே அகத்தி, வேலங்காய், தவிடு, ஊறவைத்த புண்ணாக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுக்க வேண்டும். குறுகலான படலில் மற்ற ஆடுகளோடு முண்டியடித்து நுழைய விடக்கூடாது. மடி இறங்கி, வாலடியில் இரண்டு பக்கமும் குழி விழுந்து, காலால் தரையைப் பறித்துப் படுத்துப் படுத்து எழுந்தால் நேரம் நெருங்கிவிட்டது. முன்னங்கால் இரண்டும் அவற்றின் மேல் மூக்கும் முதலில் தெரிந்தால் கை வைக்க வேண்டியதில்லை. பிறந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சவ்வைத் துடைத்து, தொப்புளில் அயோடின் தடவி, தாய் நக்குவதற்கு விட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். ஆட்டில் நோய் எதிர்ப்புச் சக்தி நஞ்சு வழியாகக் குட்டிக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் குடல் ஒரு நாளைக்குள் அடைத்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிறந்த குட்டிக்கு ஈரத் தரையே எமன். இத்தனையும் பார்த்துச் செய்தவள்தான், பிறந்தது கிடாவாக இருந்தால், அது வளர்ந்தபின் ஒரு வெள்ளிக்கிழமை அதைத் திருமங்கலம் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகிறாள்.

இதற்கு இரண்டு சுலபமான விளக்கங்கள் உண்டு. ஒன்று, இது பாசாங்கு. மற்றது, இது முதலீடு.

முதலீடு என்ற பாஷை எனக்குப் பழக்கமானது. வங்கிக் காகிதத்தில் சினையாடு ஒரு அலகு. 1978-ல் தொடங்கி 1999-ல் வேறொரு திட்டத்தோடு இணைக்கப்பட்ட ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் ஆட்டுக்கடன் ஒரு முக்கிய இனம். கடன் வாங்கிய ஆட்டின் காதில் தகடு அடிப்பார்கள். ஆடு செத்தால் தகடு வேண்டும், தகடு இல்லையென்றால் இழப்பீடு இல்லை. அதற்கு முன்பிருந்தே வாரத்துக்கு வளர்க்கும் வழக்கம் இருக்கிறது. ஆடு ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, குட்டியில் பங்கு. அதாவது குட்டி வயிற்றிலிருக்கும்போதே பாகப்பிரிவினை ஆகிவிடுகிறது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் கொடுக்க ஆரம்பித்தபோது அவற்றுக்கு ‘விலையில்லா ஆடுகள்’ என்று பெயர். விற்று முன்னேறுவதற்காகக் கொடுக்கப்பட்ட பொருளுக்கு விலையில்லை என்று பெயர் வைத்ததில் உள்ள குழப்பம் சர்க்காருடையது மட்டும் அல்ல.

முதலீடு என்ற விளக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது போதாது என்கிறேன். லாபம் கருதித்தான் புண்ணாக்கு வைக்கிறாள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அவள் பார்த்துக்கொண்டிருப்பது லாபத்தை அல்ல, ஆட்டின் முதுகில் ஓடும் நடுக்கத்தை. லாபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நடுக்கம் தெரியாது. சம்பளம் வாங்குவதால் நர்ஸின் பணிவிடை பொய்யாகிவிடுமா என்று கேட்கலாம். ஆனால் நர்ஸ் நோயாளியை விற்பதில்லை. உவமை அந்த இடத்தில் முறிந்துவிடுகிறது. அதை மறைப்பதில் பிரயோஜனமில்லை.

பாசாங்கு என்பவர்கள், கலப்பில்லாத அன்பு ஒன்று எங்கோ இருக்கிறது என்று நம்புகிறார்கள். தாயாட்டின் அன்பையே எடுத்துக்கொள்வோம். 1960களில் அமெரிக்காவில் பீட்டர் க்ளோஃபர் செய்த சோதனையில், ஈன்றவுடன் ஐந்து நிமிடம் குட்டியோடு இருந்த தாய், ஓரிரண்டு மணி நேரம் பிரித்து வைத்துக் கொடுத்தபோதும் அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஐந்து நிமிடம் கிடைக்காத தாய் பெரும்பாலும் தன் குட்டியையே முட்டித் தள்ளியது. தாய் நக்கியதும் பால் கொடுத்ததும் குட்டியின் வாசனையில் எப்படிப் பதிகின்றன என்று காட்டி, பின்னால் வந்தவர்கள் இந்த முடிவைத் திருத்தினார்கள். எப்படியானாலும் வாசனைதான் வாசல். அந்த வாசலில் மோசடியும் நுழையும் என்பதற்கு நம் ஊர்த் தோல்கன்றே சாட்சி. செத்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்துக் காட்டினால் பசு நக்கிக்கொண்டே பால் சுரக்கிறது. புலால் தொடாதவர் வீட்டுக் காப்பிக்கும் அந்தப் பால் போயிருக்கிறது.

வள்ளுவர் புலால் மறுத்தலைத் துறவறவியலில் வைத்தார். வாங்குகிறவர்கள் இல்லாவிட்டால் விற்கிறவர்களும் இல்லை என்று தின்பவனையும் குற்றத்தில் சேர்க்கிற இடம் அது. அன்புடைமை இல்லறவியலில் இருக்கிறது, அருளுடைமை துறவறத்தில். அன்பு தொடர்புடையவர்களிடம், அருள் எல்லா உயிரிடமும் என்று உரைகாரர்கள் பிரிப்பார்கள். ஆட்டுக்காரி இந்தப் பிரிவுக்குள் அடங்குவதில்லை. ஆடு அவளுக்கு உறவு இல்லை, ‘எல்லா உயிர்’ என்ற பொதுமையும் இல்லை. பொருட்பாலில் வள்ளுவரே இன்னொன்று சொல்கிறார். அருள் என்பது அன்பு பெற்ற குழந்தை. அது பொருள் என்னும் செவிலியால் வளர்கிறது. செல்வம் இருந்தால்தான் அருள் செய்ய முடியும் என்பது அதன் நேரான பொருள். ஆட்டுக் கொட்டிலில் நின்று யோசித்தால் அந்தச் செவிலியின் முகத்தில் வேறொன்றும் தெரிகிறது. வளர்ப்பவளும் அவள், விலை பேசுபவளும் அவள்.

மதுரையில் இதை நாம் எப்படிச் சமாளிக்கிறோம்? பிரித்துக் கொடுத்துச் சமாளிக்கிறோம். பேணுவது ஒருத்தி, வாங்குவது வியாபாரி, வெட்டுவது வேறு ஆள், இலை முன்னால் உட்காருவது நான். எனக்கு ஆட்டின் முகம் தெரியாது. பாண்டி கோயிலில் நேர்ந்து வளர்த்த கிடாவை வெட்டும்போது வளர்த்தவனும் எதிரில் நிற்கிறான். 1950-ஆம் வருஷத்துப் பலித் தடைச் சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்தும்படி 2003 ஆகஸ்டில் உத்தரவு வந்தபோது அந்தக் கொலை குற்றமாயிற்று. இறைச்சிக் கடையில் நடந்தது குற்றமாகவில்லை. எதிர்ப்பு வலுத்து 2004-ல் சட்டமே நீக்கப்பட்டது. கோயில் பலிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வளர்த்தவன் பார்த்துக்கொண்டு நிற்கிற கொலைதான் நம்மை உறுத்துகிறது, யாரும் யாரையும் அறியாத கொலை உறுத்துவதில்லை என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

நம்பிய பிராணியைக் கொடுப்பது துரோகம் இல்லையா என்று கேட்டால், துரோகம்தான். ஆனால் நம்பப்பட்டவரால்தான் துரோகம் செய்ய முடியும். எனக்கு அந்த வாய்ப்பே கிடையாது. எந்த ஆடும் என் கையை நம்பித் தலை சாய்த்ததில்லை. துரோகம் செய்ய முடியாத தூரத்தில் இருப்பதை நல்லொழுக்கம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே என் பதில்: அது பேணுதல்தான். பின்னால் நடக்கும் விற்பனை அந்த இரவின் கவனத்தைப் பொய்யாக்காது. அந்தக் கவனம் விற்பனைக்கு நியாயமும் ஆகாது. வரவையும் பற்றையும் எதிரெதிரே எழுதிக் கழித்துப் பார்க்கப் பழகிய எனக்கு இதைக் கழிக்கத் தெரியவில்லை. கழிக்கக்கூடாது என்றும் தோன்றுகிறது. இரண்டையும் கழிக்காமல் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு அவள் அடுத்த ஈத்துக்கு வேலங்காய் பொறுக்குகிறாள். இதைத் தாங்குவதை நாம் அவள் ஒருத்தியிடம் விட்டுவிட்டோம். நம் கவிதை ஆட்டுக்காக அழுவதற்கு முன்னால் அவள் தாங்குவதில் ஒரு பங்கையாவது ஏற்றுக்கொள்ள வேண்டும்.