ஒரு ளகரம்

இறந்துபோன நண்பரின் கவிதைகள் பழைய எழுத்துருவில் ஒரு கோப்பாக என்னிடம் வந்தன. யூனிகோடுக்கு மாற்றித் தர ஒப்புக்கொண்டேன். கையில் இருந்தது ‘செட்’ – லீ மக்மஹன் 1973-74இல் பெல் ஆய்வகத்தில் எழுதிய கருவி. அதில் ‘ஒய்’ என்றொரு கட்டளை, ‘எஸ்’ என்றொரு கட்டளை.

ஒய் எழுத்துக்கு எழுத்து மாற்றும். இரு வரிசைகளும் ஒரே நீளம் இல்லையென்றால் மறுத்துவிடும். பக்கத்து எழுத்தைப் பார்ப்பதே இல்லை. எஸ் ஒரு சேர்க்கையைத் தேடி, அதன் இடத்தில் வேறொன்றை வைக்கும். லகர ளகரங்களை இடம் மாற்றச் சொன்னால் ஒய் ஒரே நடையில் முடிக்கும். எஸ்ஸை இருமுறை ஓட்டினால் முதலில் மாறியவையும் திரும்ப மாறி எல்லாம் ஒரே எழுத்தாகிவிடும்.

என் மனம் ஒய் பக்கம்தான். வாசிக்காமல் மாற்றுகிறவனுக்கு அபிப்பிராயம் இல்லை. அபிப்பிராயம் இல்லாதவனால் துரோகம் செய்ய முடியாது என்று எனக்குப் பட்டது. தமிழ் இடம் தரவில்லை. அந்த எழுத்துருவில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் பதிவாகிறது, யூனிகோடில் பின்னால். ‘கொ’ அங்கே மூன்று குறி, இங்கே இரண்டு.

ஆகவே எஸ். தட்டச்சுப் பழக்கத்தில் நண்பர் ஔகாரத்துக்கும் ளகரத்தையே அடித்திருந்தார். கொம்பு, மெய், ளகரம் என்று வந்தால் ஔகாரமாக்கு என்று எழுதினேன். ‘மௌனம்’ சரியாயிற்று, ‘வெளி’ எல்லாம் சிதைந்தது. கண்ணில் படுகிற பிழை, பயமில்லை. ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாதே என்று நிபந்தனை சேர்த்தேன். வெளி திரும்பிவிட்டது.

மாறிய சொற்களைப் பட்டியலிட்டபோதுதான் அது அகப்பட்டது. கோபுரத்தைப் பற்றிய ஒரு கவிதை, பொழுது சாய்கிறது, கடைசிச் சொல்லைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார். வெளிச்சம் என்று வரவேண்டியதா, வௌவாலா? என் விதி யோசிக்காமல் வௌவாலைத் தேர்ந்துவிட்டது. கைப்பிரதியைப் பார்த்தேன். அதிலும் இரண்டுக்கும் ஒரே கோடுகள்தான். தாளில் இரண்டாகவும் இருக்க முடிந்த சொல் புதிய கோப்பில் ஒன்றாக மட்டுமே இருக்க முடியும். அவர் வேண்டுமென்றேதான் அங்கே நிறுத்தினார் என்று நினைக்கிறேன். நிரூபிக்க வழியில்லை.

கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியாக வைத்து ‘வெள’ என்றே கையால் அடித்தேன். அவர் விரல் தொட்டது ளகரத்தை என்பது என் நியாயம். ‘மௌனம்’ வந்த இடங்களிலும் அவர் விரல் அதையேதான் தொட்டது; அங்கெல்லாம் நான் திருத்திவிட்டேன்.

புத்தகம் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் அனேகமாகத் தெரியாது. கோப்பில் தேடுகிறவனுக்கு மட்டும் வௌவால் கிடைக்காது.