யாரைக் கேட்டு?

எமது ஒன்றுகூடல்களில் அடிக்கடி ஒலிக்கும் குரல் ஒன்று உண்டு. உலகமயமாதலில் எமது பண்பாடு அள்ளுண்டு போகின்றது, பிள்ளைகள் டெனிஷில் சண்டை பிடித்து ஆங்கிலத்தில் பாட்டுக் கேட்கிறார்கள், மிஞ்சியிருப்பதையாவது காப்பாற்றவேண்டும் என்பது அது. இக்குரலைக் கேலி செய்ய நாம் விரும்பவில்லை. ஊரையும் வீட்டையும் இழந்தவர்களின் பயம் வெறுங் கற்பனையல்ல. ஆயினும், 'எமது' என்று எதைச் சொல்கிறோம்?

டென்மார்க்கின் வெதுப்பகங்களில் விற்கும் இனிப்புப் பணிஸை ஆங்கிலம் பேசும் உலகம் 'டெனிஷ்' என்கிறது. டெனிஷ்காரரோ அதை 'வீனர்புறோ', அதாவது வியன்னா ரொட்டி என்கிறார்கள். 1850 இல் இங்குள்ள தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வேலைக்கு வந்த ஒஸ்திரியர் விட்டுச்சென்ற கைப்பக்குவம் என்பது கதை. எமது மிளகாய்த்தூளும் இப்படித்தான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் வந்தபின்னரே எமது அடுப்படிக்குள் நுழைந்தது. மிளகைப் பார்த்து அதற்குப் பெயர் வைத்தோம். இன்று ஊரிலிருந்து வரும்போது மேலதிக நிறைக்குப் பணம் கட்டி அதைத்தான் சுமந்து வருகிறோம்.

நாம் டென்மார்க்கைத் தேடி வருவதற்கு முன்னூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக முன்னரே டென்மார்க் எம்மைத் தேடி வந்திருக்கிறது. 1618 இல் இலங்கையை நோக்கிப் புறப்பட்ட அவர்களது கப்பல்கள், அங்கு காரியம் கைகூடாமல், 1620 இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றன. நாயக்கர் டெனிஷ் மன்னனுக்குப் பொன்னேட்டில் எழுதியனுப்பிய கடிதம் இன்றும் கொப்பன்கேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845 இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

அன்று வந்தவர்களுக்குப் பொன்னேடு. 1987 இலோ, இங்கு அகதிகளாக இருந்த எம்மவரின் மனைவி பிள்ளைகள் சட்டப்படி வந்துசேர உரிமையிருந்தும், அவர்களின் விண்ணப்பங்களை நகரவிடாமல் நிறுத்திவைத்தார் நீதி அமைச்சர் நின்-ஹான்சன். குண்டு விழும் ஊரில் அவர்கள் காத்திருந்தார்கள். 'தமிழர் வழக்கு' என்றே பெயர் பெற்ற அவ்விவகாரத்தால் 1993 இல் அரசாங்கம் பதவி விலகியது. 1995 இல் அமைச்சருக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. பண்டமும் படமும் பாட்டும் எல்லை கடக்கும் வேகத்தில் மனிதர் கடப்பதில்லை என்பதை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆக, பண்பாடு மாறுவதையிட்டு மட்டும் குறைப்பட என்ன இருக்கிறது? மாற்றப்படுகிறவரை யாராவது கேட்டார்களா என்பதே எமக்கு உறுத்தும் கேள்வி. 2002 இல் கொம்யூன்கள் தாய்மொழி கற்பிக்கும் கடமை பிரதானமாக ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் பிள்ளைகளுக்கு என்று சுருக்கப்பட்டபோது, தமிழ்ப் பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. டெனிஷ்காரருக்கும் எம்மைப் போலவே பயம் உண்டு. 2016 இல் தமது பத்து விழுமியங்களைப் பட்டியலிட்டு அதில் 'ஹுகெ' என்னும் வீட்டுச் சுகத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். சுகத்தைப் பட்டியலில் போடவேண்டி வந்தால் பயம் சற்றுப் பெரியதுதான்.

அதே கேள்வியை எமது சாமத்தியவீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். ஊரில் மாமி தண்ணீர் வார்த்து, அயலட்டையுடன் முடிந்த காரியம் இங்கு மண்டபம், மேடை, வீடியோ, மூன்றடுக்குக் கேக், சென்னையிலிருந்து வந்த சேலை என்றாகிவிட்டது. கோடை விடுமுறைக்காக மாதக்கணக்கில் தள்ளிவைக்கப்படுகிறது. இதைவிட உலகமயமான நிகழ்ச்சி வேறென்ன? கலப்பைக் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சிதறியவர்கள் ஒரு நாளாவது ஒரு பந்தியில் இருக்கிறார்கள். கொடுத்த மொய் திரும்பி வருகிறது. தொலைந்த ஊர் மாலைவரை மண்டபத்துக்குள் கூடுகிறது. இந்த நியாயத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் மேடையில் இருப்பது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை. அவளது உடம்பின் சங்கதி அழைப்பிதழாக அச்சாகி நாலு நாடுகளுக்குப் போயிருக்கிறது. அவளோடு படிக்கும் டெனிஷ்ப் பிள்ளை பதினான்கு வயதளவில் 'கொன்பர்மேசன்' செய்யும்போது தேவாலயத்தில் தன் வாயால் ஆம் சொல்கிறது. பரிசுப் பணத்துக்காகவே பலர் சொல்கிறார்கள் என்று டெனிஷ்காரரே சிரிப்பார்கள். இருக்கட்டும், அங்கே ஒரு 'ஆம்' தேவைப்படுகிறது.

எமது பிள்ளைகளில் விரும்பி உடுத்து மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். சேலை வேண்டும், தண்ணீர் வார்ப்பு வேண்டாம் என்பவர்களும் உண்டு. பிறந்தநாளாக மாற்றிக்கொண்ட வீடுகளும் உண்டு. ஆனால் எத்தனை வீடுகளில் மண்டபத்துக்கு முற்பணம் கட்ட முன்னர் அவளைக் கேட்கிறார்கள்? கேட்டு, அவள் 'வேண்டாம்' என்றால், ரொறன்ரோவில் ரிக்கற் எடுத்துவிட்ட மாமிக்கு யார் தொலைபேசி எடுப்பது?