பிழை யாருடையது?

ஓர் இயந்திரத்தை ஒருவரால் இயக்க முடியாமற் போனால் பிழை யாரைச் சாரும்? இதைப் பொறியியலாளர்களுக்குரிய கேள்வி என்று நாம் பொதுவாக ஒதுக்கிவிடுகிறோம். என்னைப் பொறுத்தவரை இது முதலில் ஓர் ஒழுக்கவியற் கேள்வி. "படிப்பறிவு போதாது", "வயது போய்விட்டது" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் நாம் ஒரு தீர்ப்பை வழங்குகிறோம். அதுவும் ஒரு தரப்பை மட்டுமே விசாரித்து வழங்கும் தீர்ப்பு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க விமானப்படைக்கு இத்தகைய தீர்ப்பொன்று வசதியாக இருந்தது. பீ-17 விமானங்களை ஓட்டியோர் தரையிறங்கிய பின் இறக்கையின் மடிப்புகளை உள்ளிழுப்பதற்குப் பதிலாகச் சக்கரங்களை உள்ளிழுத்து விமானத்தை வயிற்றில் விழவைத்தனர். 'விமானியின் பிழை' என்று பதிவேடுகள் கூறின. உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ் விமானிகளை விட்டுவிட்டு விமானி அறையைப் பார்த்தார். ஒரே மாதிரியான இரு விசைகள் அருகருகே இருந்தன. ஒன்றின் முனையில் சிறு சக்கர வடிவத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் செய்தார். களைத்த கைக்கும் இருட்டில் வேறுபாடு புரிந்தது. அந்தப் பிழையும் மறைந்தது. மனித–கணினி இடைவினை என்று 1980களில் தனித்துறையாக வளர்ந்த ஆய்வுக்கு இத்தகைய அனுபவங்களே அடித்தளம். மனிதன் தடுமாறும் இடத்தில் முதலில் பொருளைச் சந்தேகி என்பதே அத்துறையின் சாரம்.

எமது ஊருக்கு வருவோம். மாதத் தொடக்கத்தில் கண்டி நகரில் பணம் எடுக்கும் இயந்திரமொன்றின் முன் வரிசையில் நிற்பவர் எவரும் இக்காட்சியைக் கண்டிருப்பர். அக்குறணையிலிருந்தோ மடவளையிலிருந்தோ பஸ் ஏறி வந்த மூதாட்டி ஒருவர். வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய காசு கணக்கில் இருக்கிறது. திரையில் தமிழும் இருக்கிறது. ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த 'காசு எடுக்கிறது' அங்கே 'மீளப்பெறல்' ஆகியிருக்கிறது. அவர் எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் நேரம் கடந்து அட்டை வெளியே வந்துவிடுகிறது. "மகன், இதக் கொஞ்சம் அடிச்சித் தாங்க" என்று பின்னால் நிற்பவரிடம் அட்டையை நீட்டி, இரகசிய இலக்கத்தையும் வாயாற் சொல்லிவிடுகிறார்.

அப்படி ஒருமுறை அட்டை நீட்டப்பட்டது என்னிடம். காசு பத்திரமாக அவர் கைக்குப் போனது. மீதித் தொகை திரையில் தோன்றியபோது அவர் முந்தானையைச் சரிசெய்தபடி வேறுபக்கம் பார்த்தார். தன் வீட்டு நிலவரத்தை அந்நியன் ஒருவன் அறிந்துகொண்ட கூச்சம் அது. இயந்திரத்தைக் கடினமாக அமைத்தவர் அதற்கு ஒரு சதமும் செலுத்தவில்லை. விலை முழுவதையும் அந்தத் தாயே தன் இரகசியத்தாலும் மானத்தாலும் செலுத்தினார். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்த உரிமை மொழிபெயர்ப்போடு முடிந்துவிடுவதில்லை. தனியே நின்று, எவர் தயவுமின்றித் தன் காரியத்தை முடித்துக்கொள்ளும்போதுதான் அது ஒருவருக்குக் கிடைத்ததாகும்.

"கற்றுக்கொள்ளட்டுமே" என்பர் சிலர். கற்க வேண்டியதுதான். பெண்கல்விக்காகப் பாடுபட்ட சித்திலெப்பை (1838–1898) பிறந்த ஊர் இது. ஆனால் கல்வி கைகூட ஒரு தலைமுறை ஆகலாம். இயந்திரமோ இன்றே நிற்கிறது. எமது முன்னோர் இவ்விரண்டையும் பிரித்தறிந்திருந்தனர். ஓதப் பழகியதால் அரபு எழுத்தை அறிந்தும் தமிழ் எழுத்தை அறியாதிருந்தோர் ஏராளம். அவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்காமல், தெரிந்த எழுத்துக்கே புள்ளிகளும் குறிகளும் கூட்டி, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளையும் அதற்குள் கொண்டுவந்தனர். அதுவே அரபுத் தமிழ். கையிலிருக்கும் அறிவுக்கேற்பக் கருவியை வளைக்கும் கலையை, அதற்கொரு துறைப்பெயர் வருமுன்பே நாம் கண்டிருந்தோம்.

அண்மைய உதாரணமும் உண்டு. 2022இன் எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் குறியீட்டு முறை வந்தது. ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து நாடெங்கும் நடைமுறையாகி, 2023இல் நிறுத்தப்பட்டது. பதிவுசெய்வதற்குப் பலருக்குப் பிள்ளைகளோ கொமியூனிகேஷன் கடைக்காரரோ தேவைப்பட்டனர் என்பது உண்மை. எனினும் குறியீட்டைக் கடதாசியில் அச்சிட்டு வைத்திருந்தாலே போதுமாக இருந்தது. கண்டி வீதிகளில் முச்சக்கர வண்டிக்காரர்கள் அதை லெமினேற் செய்து வைத்துக்கொண்டனர். திறன்பேசி இல்லாதவரும் பெற்றோல் நிலையத்தில் எவரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. கடதாசி என்ற பழைய வழியை அடைக்காமல் விட்டதே அம்முறையின் பெருந்தன்மை என்பேன்.

ஆயினும் இலகுவானதெல்லாம் நல்லதென்று முடித்துவிட இயலாது. கைத்தொலைபேசியில் கடன் வழங்கும் செயலிகளைப் பாருங்கள். கடன் வாங்க இரண்டு தொடுகை போதும். வட்டி எவ்வளவு, உமது தொலைபேசியிலுள்ள பெயர்ப்பட்டியலை அவர்கள் பார்க்கலாமா என்பவை மட்டும் எறும்பு எழுத்தில் பல பக்கங்களுக்கு ஓடும். 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் 'சம்மதம்' என்ற பொத்தானைப் பெரிதாகவும் 'மறுப்பு' என்பதை மங்கலாகவும் வரைபவன் சட்டத்தைத் தொடாமலே சம்மதத்தைப் பறித்துவிடுகிறான். மனிதனின் தடுமாற்றத்தை ஆராய்ந்த அதே அறிவு, அவனைத் தடுமாறச் செய்யவும் பயன்படுகிறது. குறை நிறுவையில் விற்கும் வியாபாரிக்கும் இவனுக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இலகு என்பது அளவுகோலின் பாதிதான். அந்த இலகு யாருடைய நன்மைக்கு என்பது மறுபாதி. பொருளை வாங்கும் இலகுவோடு அதைத் திருப்பிக் கொடுக்கவும், சேரும் இலகுவோடு விலகவும், சம்மதிக்கும் இலகுவோடு மறுக்கவும் முடிய வேண்டும். இதை அறிய வடிவமைப்பவர் தன் அலுவலகத்தில் இருந்து யோசித்தாற் போதாது. மாதத் தொடக்கத்தில் ஒருநாள் அந்த வரிசையில் வந்து நிற்கட்டும். யார் யாரிடம் அட்டையை நீட்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும். அந்த எண்ணிக்கை அவருடைய வேலையில் இன்னும் எவ்வளவு மீதமிருக்கிறது என்பதைச் சொல்லிவிடும்.