ஓட்டியவர் பெயர்

காப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்தில் ‘விபத்தின்போது வாகனத்தை ஓட்டியவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் என் பெயரை எழுத எனக்கு 3 நாட்கள் ஆயின.

போன ஐப்பசியில், திருச்சி–தஞ்சாவூர் சாலையில், கல்லூரிக்குப் போகும்போது காரைச் சென்டர் மீடியனில் மோதிவிட்டேன். மழை இல்லை. குறுக்கே யாரும் வரவில்லை. முதல் மணி வகுப்பில் அகத்திணையை எங்கிருந்து தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். யாருக்கும் காயமில்லை. முன் பம்பர், வலப்பக்க ஹெட்லைட், ஃபெண்டர், ரேடியேட்டர் எல்லாம் போயின.

“மேடம், சார் ஓட்டினதா போட்டுடலாமா? கேள்வி கம்மியா இருக்கும்” என்றார் ஒர்க்‌ஷாப் மேற்பார்வையாளர். வீட்டிலும் அதையே சொன்னார்கள். “என் லைசென்ஸ் காப்பியைக் குடுத்துடு. சீக்கிரம் முடிஞ்சா நல்லதுதானே?” கணவர் அன்பாகத்தான் சொன்னார். ஓட்டாதவர் பெயரைப் போடுவது பொய்த் தகவல். தெரியவந்தால் கோரிக்கையையே நிராகரிக்கலாம். ஆனால் என்னைத் தடுத்தது அதுவல்ல. ஆர்.சி. என் பெயரில், கடன் தவணை என் சம்பளத்தில். நன்றாக ஓடிய நாளெல்லாம் என் காராக இருந்தது, இடித்த அன்று மட்டும் அவருடையதாகிவிடுமா?

பெயரை எழுதினேன். சர்வேயர் 6ஆம் நாள் வந்தார். “பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலேட்டரை மிதிச்சிட்டீங்களா?” என்று சிரித்தார். அதன்பின் ஒரு தாள் கேட்பார்கள், கொடுத்தால் இன்னொன்று. படிவத்தில் என் எண் இருந்தும், அழைப்புகள் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்திருந்த கணவர் எண்ணுக்கே போயின. 44 நாட்கள் பேருந்தில் போய்வந்தேன். கடைசியில் வந்த தொகையில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான். நாலரை வயதான காரின் உலோகப் பாகங்களில் 35 சதவீதம் கழித்துக்கொண்டார்கள். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பை நான் எடுத்திருக்கவில்லை. கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாதாம். என் கார்க் கண்ணாடியோ உடையவே இல்லை.

பணத்தைவிட என்னை உறுத்தியது வேறு. ‘விபத்து எப்படி நேர்ந்தது’ என்ற இடத்தில் ‘என் கவனக்குறைவால்’ என்று எழுதினேன். அதை எழுதுவதால் எந்த நட்டமும் இல்லை. குடித்துவிட்டு ஓட்டினால்தான், உரிமம் இல்லாவிட்டால்தான் சிக்கல். கவனம் பிசகும் மனிதர்களுக்காகவே அந்தப் பாலிசி எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஆசிரியர் ஓய்வறையில், “நாய் ஒண்ணு குறுக்கே வந்துடுச்சு” என்றேன். யோசிக்காமலே வாயில் வந்தது.

ஏன்? போன வருடம் எங்கள் துறையில் ஓர் ஆண் பேராசிரியர் கல்லூரி வாசல் தூணிலேயே இடித்தார். ‘பாவம், தூக்கமில்லை’ என்றோம். அது அவருடைய தவறாகவே இருந்தது. என் தவறோ பெண்கள் எல்லோருடைய கணக்கிலும் ஏறிவிடும். அதற்காகத்தான் நாயை இழுத்தேன். எல்லாப் பெண்களையும் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முழுக்கப் பொய்யென்றும் அதைச் சொல்ல முடியவில்லை. ஆனால் தவறே செய்யாத பெண்ணாகக் காட்டிக்கொண்டால், அடுத்து இடிக்கப்போகிறவளுக்கு அல்லவா அந்தச் சுமை போகிறது? அவள் எந்த நாயைத் தேடுவாள்?

முதுகலை மாணவி ஒருத்தி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருந்தாள். மதிய இடைவேளையில் வந்து, “மேம், நாய் குறுக்க வந்தா பிரேக் அடிக்கணுமா, ஒடிக்கணுமா?” என்று கேட்டாள்.

“நாய் வரலைம்மா. நான்தான் ரோட்டைப் பாக்கலை.”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். “திரும்ப ஓட்டுறப்ப பயமா இருந்துச்சா?”

“ஒரு வாரம் மூணாவது கியருக்கே போகலை” என்றேன்.