செத்தவளுக்கும் ஒரு வேலை

கிரேஸ் லீ இயக்கிய 'அமெரிக்கன் ஸாம்பி' (2007) ஆவணப்படம் போலவே எடுக்கப்பட்ட கற்பனைப் படம். லாஸ் ஏஞ்சல்ஸில் செத்து எழுந்தவர்கள் மனிதர்களோடு வாழ்கிறார்கள். வேலைக்குப் போகிறார்கள், உரிமைச் சங்கம் நடத்துகிறார்கள், காதலிக்க ஆள் தேடுகிறார்கள். நாங்களும் உங்களைப் போலத்தான் என்று கேமராவிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். படமெடுப்பவர்களில் ஒருவருக்கோ, இவர்கள் மனித இறைச்சி தின்பவர்களா என்பதே கவலை. நம் 'மிருதன்' (2016) படத்தில் இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. கண்டால் சுட வேண்டியதுதான்.

ஒருவரை நம்மில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ள என்ன விலை கேட்கிறோம்? ஸாம்பி பிறந்த இடத்திலேயே இதற்குப் பதில் கிடக்கிறது. அடிமைகளை வைத்துக் கரும்பு விளைவித்த ஹெய்ட்டியில், ஸாம்பி என்பது யாரையும் கடிக்கும் பேய் அல்ல. செத்த பின்னும் எழுப்பப்பட்டு எஜமானுக்கு உழைக்கும் உடல் அது. அந்த மக்களின் பெரிய பயமே, சாவிலும் ஓய்வு கிடைக்காதோ என்பதுதான்.

இதைப் படித்தபோது எனக்குச் சுமைதாங்கிக் கல் ஞாபகம் வந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல். தமிழ்நாட்டின் பழைய நடைபாதைகளில் நிற்கும் இவற்றில் பல, வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்களுக்காக வைக்கப்பட்டவை. இறக்கி வைக்காத சுமையோடு போனவள் ஆவியாய் அலைவாள், வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை அவள் பேரில் வைத்த கல்லில் இறக்கினால் அவளுடைய பாரமும் குறையும் என்பது நம்பிக்கை.

இதில் அன்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். கரிசல் காட்டில் பருத்தி மூட்டையோ விறகுக் கட்டோ சுமந்து தனியாக நடப்பவளுக்குத் தெரியும், கீழே இறக்கினால் மறுபடி தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும் என்று. தலை உயரத்துக் கல் இருந்தால் யார் தயவும் வேண்டாம். செத்தவள் உயிரோடு இருப்பவளுக்குக் கை கொடுக்கிறாள். அது பெரிய விஷயம்தான். ஆனால் அவளை யாரும் கேட்கவில்லையே. பேறுகாலத்தில் ஏன் செத்தாள், வண்டி கட்டினார்களா, மருத்துவச்சி வந்தாளா என்பதைக் கல் சொல்லாது. பயந்த ஊர் அவளுக்கு ஒரு வேலை கொடுத்து, நல்லவளாக்கி, வழியோரம் நிறுத்திவிட்டது.

உயிரோடு இருப்பவளுக்கும் இதே கணக்குதான். புருஷன் செத்தவளை 'நடைபிணம்' என்பார்கள். ஸாம்பிக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் ஏது? கல்யாண வீட்டில் தாலியைத் தொட்டு ஆசீர்வதிக்க அவள் கை ஆகாது. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட அதே கை ஆகும். காலையில் வேலைக்குப் போகிற வழியில் அவள் எதிரே வருவதைச் சகுனத்தடை என்று யாரும் திருப்பி அனுப்பியதாக நான் கேட்டதில்லை. பிள்ளைகளுக்காகவே வாழ்கிறாள் என்று பாராட்டுகூடக் கிடைக்கும். தனக்காக ஒரு சேலை எடுத்தால், பூ வைத்தால், அந்த இறைச்சிக் கேள்வி உடனே வந்துவிடும்.

சாலையை அகலப்படுத்தியபோது பிடுங்கி ஓரமாய்ப் போட்டிருந்த சுமைதாங்கி ஒன்றைப் பார்த்தேன். பலகைக் கல் இரண்டாய் உடைந்திருந்தது. ஏன் திரும்ப நடவில்லை என்று அங்கிருந்தவரிடம் கேட்டேன்.

"இப்ப யாரு தலைச்சுமை தூக்கிட்டு நடக்கா?" என்றார்.