என் பெயரில் ஒரு பட்டியல்

ஆனியில் நிச்சயம் ஆனது. தையில் கல்யாணம். நடுவில் வரும் ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் எங்கள் வீட்டில் முகூர்த்தம் வைப்பதில்லை. ஐப்பசியில் மண்டபம் கிடைக்கவில்லை. அதனால் காத்திருப்பு நீண்டுபோனது. எனக்கு அதில் வருத்தமில்லை. இத்தனை வருஷம் ஓடிக்கொண்டே பார்த்தவற்றை இப்போது நின்று பார்க்கிறேன்.

*

நிச்சயம் முடிந்த கையோடு வீட்டில் என் வேலைகள் ஒவ்வொன்றாக என்னைவிட்டுப் போயின. பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால், "கை சொரசொரன்னு ஆயிடும், எழுந்திரு" என்கிறாள் அம்மா. வற்றல் காயப்போட மாடிக்குப் போனால், "வெயில்ல நிக்காதடி, கறுத்துடுவ." சாப்பிட்ட தட்டை எடுக்கத் தம்பி வந்து நிற்கிறான். தஞ்சாவூருக்கு ரயிலேறி வேலைக்குப் போய்வருவதை மட்டும் யாரும் தடுக்கவில்லை.

எல்லாம் பிரியத்தில் செய்வதுதான். ஆனால் வேலை செய்கிறவருக்குத்தான் வீடு பிடிபடும். கொல்லைக் குழாயை எவ்வளவு இறுக்கினால் சொட்டாது, எந்த ஜாடியில் பழம்புளி இருக்கிறது, அரிசி மூட்டை எந்தச் சுவரோரம் இருந்தால் ஈரம் ஏறாது என்பதெல்லாம் கைக்குத் தெரிந்தவை. வேலையை வாங்கிக்கொண்டால் கை மறந்துவிடும். அன்பாலேயே என்னை விருந்தாளி ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. வாசல் கோலத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

*

ஆடிப் பதினெட்டுக்குச் சக்கரப் படித்துறைக்குப் போனோம். காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. போன தையில் கல்யாணமான பெண்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்த மாலைகளைக் கொண்டுவந்து ஆற்றில் விட்டார்கள். காதோலை, கருகமணி, காப்பரிசி எல்லாம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பெரியவர்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். கன்னிப்பெண்களுக்கு மஞ்சள் கயிறு கட்டினாள் பெரியம்மா. "அடுத்த வருஷம் நீ அந்தப் பக்கம்" என்றாள் என்னிடம். ஒரே படிக்கட்டுதான். இரண்டடி தள்ளித்தான் அவர்கள் நின்றிருந்தார்கள்.

*

புடவைக்குத் திருபுவனம். அரக்கில் மயில்கழுத்து நிறக் கரை. விசிறி மடிப்பு மடித்துக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி.

குத்துவிளக்குக்கு நாச்சியார்கோவில். அங்கே பட்டறையில் வெகுநேரம் நின்றுவிட்டேன். ஆற்று வண்டல் மண்ணில் அச்செடுத்துப் பித்தளையை உருக்கி ஊற்றுகிறார்கள். அடி, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம். எல்லாம் தனித்தனி வார்ப்பு. பிறகு கடைசல் பிடித்து, மரை போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகப் பூட்டுகிறார்கள். விலை எடைக்குத்தான். காவிரிக் கரையின் இந்த மண் வேலைக்கு வாகாக அமைந்ததால்தான் இந்தத் தொழில் இங்கே வேர் பிடித்தது என்றார் ஒரு பத்தர். சொல்லும்போது அவர் கை மண்ணைத் தட்டிச் சமன் செய்துகொண்டே இருந்தது.

பழைய விளக்கைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா தன் விளக்கைத் துணியில் சுற்றி எடுத்தும் வந்திருந்தாள். அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது கொண்டுவந்தது. மரை தேய்ந்துபோய், தண்டில் நூல் சுற்றித்தான் பூட்டுகிறாள். தராசில் வைக்கப்போகும் நேரத்தில் நான் வேண்டாம் என்றேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் மறுபடி துணியில் சுற்றிக்கொண்டாள்.

*

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மொய் எழுத இரண்டு பேர் உட்காருவார்கள். நூற்றியொரு ரூபாய் வைத்தாலும் ஊர், பேர், தகப்பனார் பேர் எழுதாமல் விடமாட்டார்கள். 1970களின் மொய் நோட்டுகூட எங்கள் பரணில் இருக்கிறது. தாத்தாவின் கையெழுத்து அவ்வளவு சுத்தம்.

பெண்ணுக்குப் போட்டதை மட்டும் யாரும் எழுதி வைத்ததில்லை. எல்லோருக்கும் வாயால் தெரியும். சண்டை என்று வந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

வரதட்சணை கேட்பதையும் கொடுப்பதையும் வாங்குவதையும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. கேட்காமல் தரும் அன்பளிப்புக்கு அது இடம் விடுகிறது. ஆனால் அதைப் பட்டியலாக எழுதி வைக்க வேண்டும். எப்படி எழுதுவது என்பதற்கு 1985இல் விதிகள் வந்தன. பொருள் என்ன, ஏறத்தாழ என்ன மதிப்பு, கொடுத்தவர் யார், அவர் என்ன உறவு என்று குறித்து, பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்திட வேண்டும். பெண்ணுக்கு வந்தவற்றின் பட்டியல் பெண்ணிடம் இருக்க வேண்டும். அதே 1985இல்தான் உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் சீதனம் முழுக்கப் பெண்ணுடையது, புகுந்த வீட்டில் இருப்பதாலேயே அவர்களுடையது ஆகிவிடாது என்று சொன்னது. நாற்பது வருஷமாகிறது. நான் போன எந்தக் கல்யாணத்திலும் இந்தப் பட்டியலைப் பார்த்ததில்லை.

ஆகவே இதையெல்லாம் எழுதிவரும் இந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில் அந்தப் பட்டியலை நானே எழுத ஆரம்பித்தேன். நகைக்குப் பக்கத்தில் எடை, 916, ஹால்மார்க்கில் பொறித்திருக்கும் ஆறு எழுத்து எண். 2023 ஏப்ரலிலிருந்து அந்த எண் இல்லாமல் புது நகை விற்கக்கூடாது. ஒவ்வொரு வளையலுக்கும் தனி எண். லென்ஸ் வைத்துப் படித்து எழுதுவது பொறுமையான வேலை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இதெல்லாம் அவங்க காதுக்குப் போனா என்ன நெனப்பாங்க?" என்றாள்.

*

பெரிய அத்தை வந்திருந்தாள். நோட்டைப் பார்த்தாள்.

1986இல் கல்யாணமாகிப் போனவள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலப் பங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் செய்தது, 25 மார்ச் முதல் நடைமுறை. அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்கு மட்டும் இல்லை. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது கல்யாணக் கணக்கெல்லாம் நீங்கியது. அதற்குள், 2001இலேயே, எங்கள் நிலம் பாகம் பிரிந்து பத்திரம் பதிவாகிவிட்டது. சின்ன அத்தைக்கு 1991இல் கல்யாணம், அவளுக்கு உரிமை இருந்தது. நகை போட்டுச் சீர் செய்துவிட்டோமே என்றார்கள், அவளும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒருத்திக்குச் சட்டம் தரவில்லை, இன்னொருத்திக்குத் தந்ததை வீடு வாங்கிக்கொண்டது. இருவரும் பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வந்ததா என்று வருஷா வருஷம் காத்திருக்கிறார்கள்.

அப்பா நல்லவர். தங்கைகளுக்கு ஒரு குறையும் வைக்காதவர் என்று ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இதையும் நினைக்கிறேன்.

அத்தை நோட்டை மூடிக் கையில் கொடுத்தாள். "நல்லா எழுது. விட்டுடாம எழுது" என்றாள்.

*

அலுவலகத்தில் வருங்கால வைப்பு நிதிக்கு அம்மாவை நியமித்திருக்கிறேன். கல்யாணமானதும் அது செல்லாது, புதிதாக எழுதித் தர வேண்டும். பெயருக்கு முன்னால் இருக்கும் அப்பாவின் எழுத்தை மாற்றச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. அதை மாற்றப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கல்யாணத்தை 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கான புகைப்படங்களை உறையில் போட்டு வைத்தாயிற்று.

*

நான் கட்டிக்கொள்ளப் போகிறவருக்குத் திருச்சிக்குப் போன் செய்தேன். பட்டியலைப் பற்றிச் சொன்னேன், அவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு வயிறு கனத்தது.

"எங்க வீட்ல நம்பலியான்னு கேப்பாங்க."

"நம்பறதாலதான் உங்ககிட்ட நேரா சொல்றேன்."

"எனக்கு வர்றதுக்கும் ஒண்ணு எழுதணுமா?"

"ஆமாம். அது உங்ககிட்ட இருக்கணும்."

"சரி. அனுப்பு, படிச்சுட்டுப் போடறேன். அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்." பிறகு, தையல் மிஷினும் அதில் இருக்கிறதா என்று கேட்டார். நான் என் சம்பளத்தில் வாங்கியது அது. அன்பளிப்புப் பட்டியலில் வராது, ஆனாலும் தனியாக எழுதி வைத்திருக்கிறேன் என்றேன்.

இவரோடு வாழ முடியும் என்று எனக்கு முதன்முதலாகத் திடமாகப் பட்டது அப்போதுதான்.

*

மார்கழி. விடியற்காலையில் கோலம் போட்டுச் சாணிப் பிள்ளையாருக்குப் பரங்கிப்பூ வைத்துவிட்டு உள்ளே வந்தால், அம்மா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும் ஒண்ணு எழுதறியா?" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அட்டிகை, போர் போட்டபோது போனது. வளையலில் ஒரு ஜோடி எனக்குக் காலேஜ் பணம் கட்ட. இன்னொரு ஜோடி தாத்தா ஆஸ்பத்திரியில் இருந்தபோது. வெண்கலப் பானை எவர்சில்வர்காரனுக்கு. கல் தோடு இருக்கிறது, எனக்குத்தான் வரப்போகிறது. விளக்கு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் யார் கொடுத்தது என்று அவளுக்கு நினைவிருந்தது. தாய்மாமன், பெரியப்பா, பக்கத்து வீட்டு ஆச்சி. பேச்சில் குறை எதுவும் இல்லை. கணக்கு ஒப்பிக்கிற குரல்தான்.

ரெட்டைவடச் சங்கிலி என்றாள். யார் கொடுத்தது என்று கேட்டேன். அவள் அம்மா. எங்கே போயிற்று என்று கேட்டேன்.

"அத எழுத வேண்டாம். இருந்துதுன்னு மட்டும் எழுது."

எழுதினேன். எடை நாலு சவரன் என்றாள். அதையும் எழுதினேன்.